கேமிங் மானிட்டர்: 20 ஆயிரத்துக்குள் 24 இன்ச்சா, 27 இன்ச்சா?

வைத்திக்குப்பம்

எல்லாருக்கும் வணக்கம். சிஸ்டம் ரைசன் 5 5600 பிராசசர், என்விடியா ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம். இப்போ இருக்கறது பழைய 60 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 60 தடவை படம் மாத்தற) ஆபீஸ் மானிட்டர். பாதி நேரம் வேலரன்ட் துப்பாக்கி கேம், மீதி நேரம் எல்டன் ரிங், சைபர்பங்க் மாதிரி கதை கேம். பட்ஜெட் 20,000 ரூபாய். மூணு தேர்வு இருக்கு:

ஒண்ணு, 24 இன்ச் 1080பி ஐபிஎஸ், 180 ஹெர்ட்ஸ். ரெண்டு, 27 இன்ச் 1080பி விஏ, வளைஞ்ச திரை, 180 ஹெர்ட்ஸ். மூணு, 27 இன்ச் 1440பி ஐபிஎஸ், 180 ஹெர்ட்ஸ். (1080பின்னா 1920x1080 பிக்சல், 1440பின்னா 2560x1440. ஐபிஎஸ், விஏ ரெண்டும் திரைப் பேனல் வகை.)

கடைல ரெண்டாவதைத்தான் எடுக்கச் சொல்றாங்க. பெருசாவும் இருக்கு, மூணாவதை விட விலையும் கம்மி. மேசை ஆழம் 60 செ.மீ. வீடு கடல்லேர்ந்து 300 மீட்டர் இருக்கும். எதை எடுக்கலாம்?

சுண்ணாம்பாறு

தம்பி, முதலில் ரெண்டாவதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 27 இன்ச்சில் 1080பி என்றால் இன்ச்சுக்குச் சுமார் 82 பிக்சல்தான். அதே 1080பி 24 இன்ச்சில் 92 ஆகிறது. 27 இன்ச் 1440பியில் 109. உங்கள் மேசை 60 செ.மீ. அதில் ஸ்டாண்டின் கால் மட்டும் 20 செ.மீ.க்கு மேல் பிடித்துக்கொள்ளும். அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்தால் 82 அப்பட்டமாகத் தெரியும். தமிழ் எழுத்தில்தான் முதலில் பிடிபடும்: ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். கேமில் தூரத்து மின்கம்பி, கம்பிவேலி, கூரை விளிம்பு எல்லாம் படிக்கட்டாக உடையும்.

பெரிய திரை வேண்டும், 1440பிக்குக் காசில்லை என்றால் 24 இன்ச்சோடு நிற்பதே மேல்.

கெடிலக்கரை

நானும் ரெண்டாவது வேணாம்னுதான் சொல்வேன். ஆனா மூணாவதுதான் சரின்னு உடனே முடிவு கட்டாதீங்க. வேலரன்ட்தான் முக்கியம்னா 24 இன்ச் எந்த வகையிலும் மட்டமில்ல. 27 இன்ச் திரை கிட்டத்தட்ட 60 செ.மீ. அகலம், 24 இன்ச் 53 செ.மீ. கிட்ட உட்கார்றவங்களுக்கு 24 இன்ச்ல மினிமேப் (மூலைல வர்ற சின்ன வரைபடம்), குண்டு எண்ணிக்கை, நடுவுல குறி எல்லாம் தலை திருப்பாம ஒரே பார்வைக்குள்ள அடங்கும். அது சின்ன விஷயமில்ல.

ஹெர்ட்ஸ் கணக்கையும் தெரிஞ்சிக்கோங்க. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், 16.7 மில்லிசெகண்ட் நிக்கும். 144ல 6.9. 180ல 5.6. 240ல 4.2. 60லேர்ந்து 180க்குப் போனா 11 மில்லிசெகண்ட் மிச்சம். 180லேர்ந்து 240க்குப் போனா ஒண்ணரைகூட இல்ல. அதனால 240 ஹெர்ட்ஸுக்குக் கூடக் காசு கொடுக்காதீங்க, அந்தக் காசைப் பேனலுக்குப் போடுங்க.

சுண்ணாம்பாறு

கெடிலக்கரை சொல்வது சரி. கார்டுக்கு எவ்வளவு பாரம் என்பதையும் சேர்த்துக்கொள்வோம். 1080பியில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், 1440பியில் 36.9 லட்சம். அதாவது 1.78 மடங்கு வேலை. 4060 இதைத் தாங்குமா என்பது கேமைப் பொறுத்தது.

வேலரன்ட் பெரும்பாலும் பிராசசரை நம்பி ஓடுவது, 1440பியிலும் 180ஐத் தாண்டிவிடும். எல்டன் ரிங் பிசியில் 60 ஃபிரேமுக்கு மேல் போகாது, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அங்கே 180 ஹெர்ட்ஸ் உதவாது, கூடுதல் பிக்சல்தான் உதவும். சைபர்பங்கில் டிஎல்எஸ்எஸ் என்ற என்விடியா வசதியைக் குவாலிட்டி நிலையில் போட்டால் கார்டு உள்ளே 960பியில் வரைந்து 1440பிக்கு ஏற்றிக் கொடுக்கும். 8 ஜிபி மெமரிதான் இடிக்கும்: டெக்ஸ்சரை ஒரு படி இறக்குங்கள், ரே டிரேசிங்கை (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரையும் வசதி) அணைத்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1440பி மானிட்டரை வாங்கிவிட்டு, கேம் திணறுகிறது என்று ரெசல்யூஷனை 1080பிக்கு இறக்காதீர்கள். ஒரு பிக்சல் 1.33 பிக்சலாக விரிவதால் எல்லாம் மசமசவென்று ஆகும். 1440பியிலேயே விட்டு டிஎல்எஸ்எஸ்ஸை பேலன்ஸ்டு வரைக்கும் இறக்குவதுதான் முறை.

வைத்திக்குப்பம்

புரியுது அண்ணா. ஆனா விஏல கறுப்பு நல்லா இருக்கும், கான்ட்ராஸ்ட் 3000:1னு சொல்றாங்களே? ராத்திரி லைட்டை அணைச்சிட்டுதான் விளையாடுவேன். ஐபிஎஸ்ல கறுப்பு சாம்பலாத் தெரியும்னு பயமா இருக்கு.

நெல்லித்தோப்பு

அந்தப் பயத்தில் உண்மை இருக்கிறது. சாதாரண ஐபிஎஸ் சுமார் 1000:1, விஏ 3000:1க்குக் கிட்டே. இருட்டறையில் விஏயின் கறுப்பு ஆழம்தான். ஆனால் அந்தக் கறுப்பு அசையாமல் நிற்கும்போது மட்டுமே அப்படி.

விஏ பேனலில் கறுப்பிலிருந்து கரும்சாம்பலுக்கு மாறும் அந்தச் சின்ன நகர்வுதான் மிக மெதுவாக நடக்கும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு விசுக்கென்று போய்விடும், ஏனென்றால் கொடுக்கும் மின்னழுத்தம் அதிகம். சின்ன மாற்றத்துக்குச் சின்ன அழுத்தம்தான், திரவப் படிகம் சோம்பலாகத் திரும்பும். அதனால் குகைக்குள் கேமராவைத் திருப்பினால் தூண்களின் விளிம்பிலிருந்து கறுப்பு மை வழிவதுபோல ஒரு வால் நீளும். எல்டன் ரிங்கில் சுரங்கம் சுரங்கமாகத்தான் இறங்கப்போகிறீர்கள், அங்கேதான் இது அதிகம் கண்ணில் படும்.

கடையில் சோதிக்க ஒரு வழி: உங்கள் போனிலிருந்தோ கடை லேப்டாப்பிலிருந்தோ கரும் பின்னணியில் சாம்பல் எழுத்து இருக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து வேகமாக மேலும் கீழும் தள்ளுங்கள். எழுத்துக்குப் பின்னால் ஊதா நிறத்தில் கறை இழுத்தால் அதுதான் அந்த வால். பெட்டியில் '1 மில்லிசெகண்ட்' என்று போட்டிருப்பார்கள். அது எம்பிஆர்டி (நகரும் படம் கண்ணில் நிற்கும் நேரம்) கணக்காக இருந்தால், பின்விளக்கை மினுக்கி வெளிச்சத்தைக் குறைத்துப் பெற்ற எண். ஜிடிஜி (ஒரு சாம்பலிலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாறும் நேரம்) என்று போட்டிருந்தாலும், இருப்பதிலேயே வேகமான ஒரு மாற்றத்தை அளந்த எண்ணாக இருக்கலாம். இருட்டு மாற்றம் அதில் தெரியாது.

ஐபிஎஸ்ஸில் வருவது வேறு தொந்தரவு. மூலையில் வெளிச்சம் தெரிந்தால் தலையை இடவலமாக நகர்த்திப் பாருங்கள். கூடவே நகர்ந்தால் அது ஐபிஎஸ்ஸின் இயல்பு, பத்து மானிட்டரிலும் இருக்கும். நகராமல் அதே இடத்தில் மஞ்சளாக நின்றால் சட்டகம் பேனலை அழுத்துகிறது, அது மாற்றிக் கேட்கவேண்டிய குறை. ராத்திரி திரைக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன எல்இடி பட்டை எரியட்டும். கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக்கொண்டால் ஐபிஎஸ்ஸின் சாம்பல் கறுப்பாகவே தெரியும்.

வளைவு பற்றி: 1500ஆர் என்றால் 1500 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தின் துண்டு, அவ்வளவுதான். 34 இன்ச் அகலத் திரைக்கு அது பயன். 27க்குத் தேவையே இல்லை.

அரும்பார்த்தபுரம்

ஓஎல்இடி (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிர்ற பேனல்) கொஞ்சம் காத்திருந்து வாங்கலாமா? எச்டிஆர் 400 (வெளிச்சம், இருட்டு வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டற வசதிக்கான முத்திரை) போட்டிருக்கற மாடல் ஒண்ணும் பார்த்தேன்.

நெல்லித்தோப்பு

எச்டிஆர் 400க்கு ஒரு ரூபாய்கூடக் கூடக் கொடுக்காதீர்கள். உச்ச வெளிச்சம் 400 நிட்ஸ் என்பதுதான் அந்த முத்திரைக்கு முக்கிய நிபந்தனை. திரையைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை. விண்டோஸில் எச்டிஆரைப் போட்டால் நிறம் வெளிறத்தான் செய்யும்.

ஓஎல்இடி அருமையான பேனல், ஆனால் 20 ஆயிரத்தில் வராது. வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பல மணி நேரம் ஓடியபின், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது அது தானாகப் பிக்சலைச் சரிசெய்துகொள்ளும். நம் வீடுகளில் படுக்கப் போகும்போது சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். அப்போது அந்தச் சரிசெய்யும் வேலை நடக்காமலே போகும், மினிமேப் தடம் திரையில் பதிவதற்கு நாமே வழி செய்ததாகும்.

கெடிலக்கரை

சிங்க் (கார்டு அனுப்பற ஃபிரேமுக்கு ஏத்தபடி மானிட்டர் தன் ஹெர்ட்ஸை மாத்திக்கறது) பத்தி யாரும் சொல்லலையே. ஏஎம்டியோட ஃபிரீசிங்க்னு மட்டும் போட்டிருக்குன்னு என்விடியா கார்டுக்காரங்க ஒதுக்க வேணாம். 2019 ஜனவரியிலேர்ந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசைலேர்ந்து மேல எல்லா கார்டுலயும் டிஸ்ப்ளேபோர்ட் வழியா வேலை செய்யும். பழைய எச்டிஎம்ஐ வழியா ஏஎம்டி கார்டுக்கு வர்ற ஃபிரீசிங்க், என்விடியாவுக்கு வராது. அதனால கேபிள் டிஸ்ப்ளேபோர்ட்தான்.

சிங்க் வேலை செய்யற ஹெர்ட்ஸ் ரேஞ்ச் பாருங்க. 48லேர்ந்து 180 வரைன்னு இருந்தா நல்லது. ஃபிரேம் 40க்கு விழுந்தா ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை காட்டி 80 ஹெர்ட்ஸா ஓட்டிடும், படத்துல கிழிசல் வராது. மேல் எல்லை கீழ் எல்லையைவிட ரெண்டு மடங்காவது இருந்தாத்தான் இது நடக்கும். 48லேர்ந்து 75 வரைன்னு போட்ட மலிவு மானிட்டர்ல நடக்காது.

செட்டிங் இப்படி: என்விடியா கன்ட்ரோல் பேனல்ல ஜி-சிங்க் போடுங்க. அதுலயே வி-சிங்க் (ஃபிரேமை மானிட்டர் வேகத்துக்குக் கட்டிப்போடற வசதி) ஆன் பண்ணுங்க. கேமுக்குள்ள வி-சிங்க்கை ஆஃப் பண்ணுங்க. ஃபிரேம் எல்லையை 177ல நிறுத்துங்க, 180ஐ முட்டினா வி-சிங்க் குறுக்க வந்து தாமதம் கூடும். வேலரன்ட்ல ரிஃப்ளெக்ஸ் (தாமதத்தைக் குறைக்கற என்விடியா வசதி) ஆன் பண்ணினா அது தானா 171 பக்கத்துல நிறுத்திக்கும்.

மானிட்டரோட ஓவர்டிரைவ் (பிக்சல் மாறுற வேகத்தைக் கூட்டற) மெனுவுல நடுப்படியை எடுங்க. கடைசிப் படிக்குப் போனா நகர்ற உருவத்துக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு நிழல் தெரியும். 180 ஹெர்ட்ஸ்ல சரியா இருக்கற படி, ஃபிரேம் 60க்கு விழும்போது மிகையாப் போகும். எல்டன் ரிங்குக்கு ஒரு படி இறக்கிக்கோங்க.

மஞ்சக்குப்பம்

இதே மூணாவது மானிட்டர்ல பிஎஸ்5 கேம் கன்சோல் மாட்டலாமா அண்ணே?

சுண்ணாம்பாறு

மாட்டலாம். 2022 செப்டம்பர் அப்டேட்டிலிருந்து பிஎஸ்5 1440பி கொடுக்கிறது. உச்சம் 120 ஹெர்ட்ஸ், அதற்கு எச்டிஎம்ஐ 2.0 போதும். விஆர்ஆர் (ஃபிரேமுக்கு ஏற்ப ஹெர்ட்ஸ் மாறும் வசதி) வேண்டுமென்றால் மட்டும் எச்டிஎம்ஐ 2.1 வேண்டும். பெட்டியில் 2.1 என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். அந்தப் பெயருக்குள் வரும் வசதிகள் எல்லாமே கட்டாயமல்ல, விஆர்ஆர் என்று தனியாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

தேவனாம்பட்டினம்

வைத்திக்குப்பம் தம்பி, கடலிலிருந்து 300 மீட்டர் என்று எழுதினீர்களே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேனலைவிட அதுதான் உங்கள் மானிட்டரின் ஆயுளைத் தீர்மானிக்கும்.

உப்புக்காற்று முதலில் போர்ட்டைத்தான் தின்னும். சும்மா கிடக்கும் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி வாய்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். செருகிய கேபிளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பவரை அணைத்துவிட்டுக் கழற்றி, முனையைப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் கேபிள் முனையில் கான்டாக்ட் கிளீனர் அடித்து, முழுக்க உலர்ந்தபின் மாட்டுங்கள். மானிட்டரைக் கிழக்கு ஜன்னலுக்கு முகம் காட்டியோ முதுகு காட்டியோ வைக்காதீர்கள். ஜன்னல் பக்கவாட்டில் இருக்கட்டும். காலை வெயில் கண்ணைக் கூசாது, காற்றோட்டத் துளைக்கு நேரே உப்புக்காற்று அடிக்காது.

துடைப்பதில்தான் பலர் திரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊர்த் தூசியில் உப்புப் பொடியும் நுண்மணலும் கலந்திருக்கும். எடுத்த எடுப்பில் துணியை அழுத்தினால் அதுவே உப்புத்தாள். முதலில் மெல்லிய பிரஷால் மேலிருந்து கீழாகத் தட்டுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி, பிறகு காய்ந்த துணி. கண்ணாடி துடைக்கும் திரவமும் ஸ்பிரிட்டும் மேட் பூச்சை எடுத்துவிடும். எதையும் நேராகத் திரையில் அடிக்கக்கூடாது, கீழ் விளிம்பில் இறங்கிப் பேனலின் சர்க்யூட்டைக் கொன்றுவிடும்.

மழைக்காலத்தில் வெளிச்சத்துக்கு வரும் பொடிப்பூச்சி பேனலுக்குள் நுழைந்து திரையில் ஊர்வதுபோலத் தெரியும். விரலால் அழுத்தவே அழுத்தாதீர்கள். உள்ளேயே நசுங்கினால் நிரந்தரக் கரும்புள்ளி. மானிட்டரை அணைத்து, விளிம்புக்கு அருகே ஒரு விளக்கைப் போட்டு, அறையை இருட்டாக்குங்கள். பெரும்பாலும் தானே வெளியே வரும்.

அடுத்தது மின்சாரம். 4060 சிஸ்டமும் 27 இன்ச் மானிட்டரும் விளையாடும்போது சேர்ந்து 250 வாட்டைத் தாண்டும். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ்ஸின் கொள்ளளவு சுமார் 360 வாட். சேவ் செய்து அணைக்கத்தான் நேரம் கொடுக்கும், தொடர்ந்து விளையாட அல்ல. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதில் 'யுபிஎஸ்' என்று ஒரு சுவிட்ச் நிலை இருக்கிறதா பாருங்கள். மற்ற நிலையில் மாறும் நேரம் கூடுதல், கரண்ட் போகும்போது சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும்.

தனி அடாப்டரோடு வரும் மானிட்டர் கிடைத்தால் நம் பக்கத்துக்கு அதுவே நல்லது. மின்னழுத்தம் எகிறினால் பெரும்பாலும் அடாப்டரோடு போகும். புதிது வாங்கும்போது வோல்ட், முனையின் அளவு, பிளஸ் மைனஸ் மூன்றும் அதேபோல இருக்கவேண்டும். ஆம்பியர் கூடலாம், குறையக்கூடாது.

புயல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் போதாது. தானே புயல் 2011 டிசம்பர் 30, ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30, இரண்டும் நம் கரையில்தான் ஏறின. எச்சரிக்கை வந்ததுமே பிளக்கைப் பிடுங்குங்கள், லேன் கேபிளையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். தரையில் சிபியு பெட்டியை வைக்காதீர்கள்.

வைத்திக்குப்பம்

ரொம்ப நன்றி. மூணாவதுதான்னு முடிவு பண்ணிட்டேன். புதுச்சேரில எடுக்கறதா, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போறதா, ஆன்லைனா? பாண்டில வரி கம்மின்னு மாமா சொல்றார்.

கெடிலக்கரை

மாமா சொல்றது பழைய கணக்கு. 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி வந்ததுலேர்ந்து கடலூர், புதுச்சேரி, சென்னை எல்லா இடத்துலயும் ஒரே வரிதான், இப்போ 18 சதவீதம். பெட்ரோலுக்கு இன்னும் வித்தியாசம் உண்டு, மானிட்டருக்கு இல்ல.

நான் பார்க்கச் சொல்றது சர்வீஸ். கம்பெனி டோல் ஃப்ரீ நம்பர்ல கூப்பிட்டு உங்க பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு வருவாங்களா, நாம தூக்கிட்டுப் போகணுமா, தூக்கிட்டுப் போகணும்னா எந்த ஊர்னு கேளுங்க. சென்னைன்னா போக 150 கிலோமீட்டர், வர 150. எத்தனை டெட் பிக்சல் இருந்தா மாத்துவாங்கன்னும் கேளுங்க, கம்பெனிக்குக் கம்பெனி வேற. பஸ்ல கொண்டு வர்றதா இருந்தா பெட்டி நின்ன வாக்குலதான் வரணும். படுக்கவெச்சு மேல ஒரு பை விழுந்தாப் போதும், பேனல் போச்சு.

நெல்லித்தோப்பு

பெட்டியை ஒட்டுநாடா வெட்டுவதிலிருந்து ஒரே வீடியோவாக எடுங்கள், சீரியல் எண் தெரியவேண்டும். மாற்றிக் கேட்கும் காலக்கெடு சில நாள்தான், அதனால் வாங்கிய அன்று ராத்திரியே எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றையும் முழுத்திரையில் வையுங்கள். கறுப்பில் எரியும் புள்ளி தெரியும், வெள்ளையில் செத்த புள்ளி தெரியும். பிறகு விளக்கை அணைத்து, பிரைட்னஸை 30க்கு இறக்கி, மூலைகளைப் பாருங்கள். 100ல் வைத்துப் பார்த்தால் எந்த ஐபிஎஸ்ஸும் மோசமாகத்தான் தெரியும். கடைசியாக 50 சதவீதச் சாம்பல் திரை: அழுக்குத் துணி போலத் திட்டுத் திட்டாக இருக்கிறதா என்று.

மானிட்டரின் முதுகில் ஆர்ம் மாட்டும் வேசா துளை 100க்கு 100 மி.மீ.யா, 75க்கு 75ஆ என்று பார்த்து, எம்4 திருகோடு ஒரு கிளாம்ப் ஆர்ம் வாங்கிக்கொள்ளுங்கள். 60 செ.மீ. மேசையில் ஸ்டாண்டை எடுத்துவிட்டால் திரை சுவரோரம் போய்விடும்.

வைத்திக்குப்பம்

வாங்கியாச்சு. பிக்சல் எல்லாம் சுத்தம். ரெண்டு சந்தேகம். விண்டோஸ்ல 60தான் இருந்துச்சு, மாத்தப் போனா 144 வரைக்கும்தான் காட்டுது, 180 வரலை. அப்புறம் நாற்காலிலேர்ந்து எழுந்தா எப்பவாச்சும் ஒரு செகண்ட் திரை கறுத்துட்டு வருது.

சுண்ணாம்பாறு

144ல் நின்றால் எச்டிஎம்ஐ மாட்டியிருக்கிறீர்கள். எச்டிஎம்ஐ 2.0வின் அகலத்தில் 1440பி 144 ஹெர்ட்ஸ்தான் அடங்கும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை எடுத்து, மதர்போர்டில் அல்ல, கார்டின் வாயில் மாட்டுங்கள். மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2, 1.4 என்று தேர்வு இருந்தால் 1.4ஐ வையுங்கள். பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போனால் 180 இருக்கும்.

கேபிள் தனியாக வாங்குவதாக இருந்தால் 2 மீட்டருக்குள், வேசா சான்று உள்ளது. மலிவுக் கேபிள் சிலவற்றில் 20ஆம் பின்னையும் இணைத்திருப்பார்கள். மானிட்டரின் கரண்ட் அதன் வழியாகக் கார்டுக்குத் திரும்பி ஏறும், அணைத்த சிஸ்டம் சரியாக ஆன் ஆகாமல் படுத்தும்.

தேவனாம்பட்டினம்

எழும்போது கறுப்பது நாற்காலியால்தான். கேஸ் லிஃப்ட் நாற்காலியில் எழும்போதும் உட்காரும்போதும் நிலைமின்சாரம் பொரியும், ஷீல்டு சரியில்லாத கேபிள் அதை வாங்கிக்கொண்டு சிக்னலை விட்டுவிடும். டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாறியபின் நல்ல ஷீல்டு உள்ள கேபிளில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். அப்படியும் வந்தால் கேபிளை நாற்காலியிலிருந்து தள்ளி, மேசையின் மறுபக்கமாக இழுத்துக் கட்டுங்கள். சிஸ்டம் செருகியிருக்கும் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். சிபியு பெட்டியில் புறங்கையை வைத்தால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் எர்த் இல்லை. அதைச் சரிசெய்யும் வரை மானிட்டரையும் சிபியுவையும் இணைக்கும் கேபிளை, கரண்ட் இருக்கும்போது செருகவோ பிடுங்கவோ வேண்டாம்.

வைத்திக்குப்பம்

டிஸ்ப்ளேபோர்ட் மாத்தினேன், 180 வந்துடுச்சு. பெட்டியில வந்த கேபிளே போதுமா இருக்கு, நாற்காலி பிரச்சினையும் இதுவரை வரலை. புறங்கை வெச்சா லேசா சுருக்குங்குது. நாளைக்கு எலக்ட்ரீஷியன் வர்றார்.